அபேட்சகரின் மரணமும் மக்களின் வாக்கும்

வாக்கெடுப்புக்கு முன்னர் அபேட்சகர் ஒருவர் இறப்பின் தேர்தலைத் தொடர்வதா, நிறுத்துவதா என்னும் வினா வெறும் நடைமுறைப் பிரச்சினை போலத் தோன்றலாம். ஆயின், வாக்கு ஆளுக்குரியதா, கட்சிக்குரியதா என்னும் அடிப்படைச் சிக்கல் அதனுள் அடங்கியுள்ளது. இந்தியாவினதும் இலங்கையினதும் அனுபவங்கள் இதனைப் புலப்படுத்துகின்றன.

இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொடக்கத்தில் அபேட்சகரிடையே வேறுபாடு காட்டவில்லை. போட்டியிடுவோருள் எவர் இறப்பினும் அத்தொகுதியின் வாக்கெடுப்பு இரத்துச் செய்யப்பட்டு, தேர்தல் புதிதாகத் தொடங்கப்படும். எஞ்சியோர் மீண்டும் நியமனப்பத்திரம் சமர்ப்பிக்க வேண்டியதில்லை. இறந்தவரின் ஆதரவாளர்க்கு நீதி வழங்கிய இவ்விதியே, ஓர் அபேட்சகரைக் கொன்று தேர்தலைத் தடுக்கும் வழியையும் திறந்துவிட்டது. பஞ்சாபில் 1991இல் அபேட்சகர் பலர் கொல்லப்பட்டனர். யூன் 22இல் நடைபெறவிருந்த வாக்கெடுப்பு முதல்நாளன்று பின்போடப்பட்டது. 1992 பெப்ரவரியில் அங்கு தேர்தல் நடைபெறுமுன் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் அபேட்சகர் இறந்தால் மட்டுமே வாக்கெடுப்பு நிறுத்தப்படும் என வரையறுக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் ஒத்திவைப்பாகக் குறைத்து, மாற்று அபேட்சகரை நியமிக்கக் கட்சிக்கு ஏழு நாள் வழங்கியது.

இலங்கையில் சனாதிபதித் தேர்தலுக்கு முழு நாடுமே ஒரு தொகுதியாகும். 1994 ஒக்டோபர் 24இல் ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகர் காமினி திசாநாயக்க கொழும்பு, தொட்டலங்கவில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். வாக்கெடுப்புக்கு 16 நாட்களே எஞ்சியிருந்தன. கட்சி அவருடைய துணைவியார் சிறீமா திசாநாயக்கவை நியமித்தது. நவம்பர் 9இல் வாக்கெடுப்புக் குறித்தவாறே நடைபெற்றது. சந்திரிகா குமாரதுங்க 62 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வெற்றியீட்டினார். கொலையால் தேர்தலை நிறுத்த இயலவில்லை.

எனினும் இத்தீர்வு கட்சியை மையமாகக் கொண்டது. 2024 சனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட 39 பேருள் சுயேச்சை அபேட்சகர் ஒருவர் ஓகஸ்ட் மாதத்தில் காலமானார். செப்தெம்பர் 21இல் வாக்காளர் கைக்கு வந்த வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது, அவர் இல்லை. கட்சிக்கு வாக்களிப்போர்க்கு மாற்று ஒருவர் கிடைப்பார். தனியொருவரை நம்பி வாக்களிக்க எண்ணியோர்க்கு அவ்வாறு கிடைப்பது அரிது. கொலைஞனின் கையிலிருந்து தேர்தலை மீட்ட சட்டங்கள், இச்சிறு தொகையினரின் விருப்பத்தை அதற்கு விலையாகக் கொடுத்துள்ளன எனலாம்.