மெய்நிகர் விண்வெளி அனுபவம்

மெய்நிகர் விண்வெளி அனுபவம் என்பது, விண்வெளிக்குச் செல்லாத ஒருவர் அங்கே இருப்பது போன்ற காட்சியையும் ஒலியையும் மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பத்தின் துணையுடன் பெறுவதைக் குறிக்கும். பயனர் தலையில் அணியும் காட்சிக்கருவி ஒன்றின் வழியே தம்மைச் சூழ எல்லாத் திசைகளிலும் விண்வெளியைக் காண்கிறார். அவர் தலையைத் திருப்பும்போது காட்சியும் அதற்கேற்ப மாறுகிறது. விண்வெளி வீரர்களின் பயிற்சியில் 1990களிலேயே பயன்பட்ட இத்தொழில்நுட்பம், 2010களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது.

பின்னணி

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்றார். அதன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், பூமியின் சுற்றுப்பாதையை அடைந்தவர்கள் எழுநூறு பேருக்கும் குறைவானவர்களே. 2025 வரை சுற்றுப்பாதைக்குச் சென்ற இந்தியக் குடிமக்கள் இருவர் மட்டுமே. ராக்கேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தின் சோயூஸ் கலத்தில் சென்றார். சுபான்சு சுக்லா 2025 சூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்தை அடைந்தார்.

விண்வெளியிலிருந்து பூமியைக் காண்போரின் மனத்தில் ஆழ்ந்த மாற்றம் ஏற்படுவதாகப் பல வீரர்கள் கூறியுள்ளனர். எல்லைக் கோடுகள் அற்ற ஒரே கோளாகவும், மிக மெல்லிய வளிமண்டலத்தால் மட்டுமே காக்கப்படுவதாகவும் பூமி அவர்களுக்குத் தோன்றுகிறது. அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் வைட் 1987இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். தமிழில் இதனை முழுநோக்கு விளைவு எனலாம். இக்காட்சியை மிகச் சிலரிடமிருந்து அனைவருக்கும் கொண்டு செல்வதே மெய்நிகர் விண்வெளி ஆக்கங்களின் நோக்கமாகும்.

முன்னோடி: கோளரங்கம்

இயற்கையான வானத்தைக் காண்பதும் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ழாந்தீ, 1761இல் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வைப் புதுச்சேரியிலிருந்து நோக்குவதற்காகக் கடற்பயணம் மேற்கொண்டார். அதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் அவரது கப்பல் திரும்ப நேர்ந்தது. ஆடும் கப்பலிலிருந்து துல்லியமான அளவீடு எதையும் அவரால் செய்ய இயலவில்லை. அடுத்த இடைநகர்வுக்காக எட்டு ஆண்டுகள் தாய்நாடு திரும்பாமல் தங்கிய அவர், மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்த புதுச்சேரியில் ஆய்வகம் ஒன்றை அமைத்துக் காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில் மேகங்கள் சூரியனை மறைத்துவிட்டன. அதற்கடுத்த இடைநகர்வு 1874இல்தான் நிகழ்ந்தது.

மேகமும் பகலும் தடையாகாத வானத்தைக் கட்டடத்திற்குள் உருவாக்கியது கோளரங்கமாகும். செருமனியின் சைஸ் நிறுவனம் உருவாக்கிய விண்மீன் வீழ்த்தி 1923இல் மியூனிக் நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அரைக்கோள வடிவக் கூரையில் ஒளிப்புள்ளிகளை வீழ்த்தி, நாள், ஆண்டு ஆகியவற்றுக்கேற்ற வானத்தை அது காட்டியது. பார்வையாளரைச் சூழ்ந்த செயற்கைக் காட்சி என்ற வகையில் இதனை மெய்நிகர் விண்வெளியின் முன்னோடியாகக் கொள்ளலாம்.

கொழும்புக் கோளரங்கம் 1965இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கம் 1988இலும், திருச்சிராப்பள்ளி அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் 1999இலும் தொடங்கப்பட்டன. புதுச்சேரியில் இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரிலான அறிவியல் மையமும் கோளரங்கமும் அமைக்கப்பட்டன. நகருக்கு வடக்கே கடற்கரையோரம் உள்ள பிள்ளைச்சாவடி போன்ற ஊர்களின் மாணவர்கள் சென்னைக் கோளரங்கத்தைக் காண நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும்.

தொழில்நுட்ப வளர்ச்சி

தலையில் அணியும் கணினிக் காட்சிக்கருவியை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லாந்து 1968இல் செய்து காட்டினார். கருவியுடன் இணைந்து தலையின் அசைவை அளக்கும் அமைப்பு கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் நாசாவின் ஏம்சு ஆய்வு மையம் இத்தகைய கருவிகளைக் குறைந்த செலவில் உருவாக்க முயன்றது.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடியில் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. அதனைச் சரிசெய்ய 1993 திசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற குழுவினருக்கான ஆயத்தப் பணிகளில் மெய்நிகர் உண்மையும் பயன்பட்டது. விண்நடையின்போது கலத்திலிருந்து விலகிப்போகும் வீரர், முதுகில் பொருத்திய சிறு உந்துகருவியைக் கொண்டு திரும்பி வருவதற்கும் இவ்வகையிலேயே பயிற்சி பெறுகிறார். உண்மையில் நிகழ்ந்தால் உயிரிழப்பில் முடியக்கூடிய தவறுகளை இங்கே எத்தனை முறையும் செய்து திருந்தலாம்.

செயற்படும் முறை

கருவியினுள் உள்ள திரை இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாக உணர்கிறது. வில்லைகள், கண்ணுக்கு மிக அருகில் உள்ள திரையைத் தொலைவில் இருப்பதாகத் தோன்றச் செய்கின்றன. சுழல்வுணரி, முடுக்குணரி ஆகியவை தலையின் அசைவை அளக்கின்றன. அசைவுக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 20 மில்லிநொடிக்குள் இருத்தல் வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் மயக்கம் ஏற்படலாம்.

இவ்வாக்கங்கள் இரு வகைப்படும். முதல் வகை, பல வில்லைகள் கொண்ட படக்கருவியால் எல்லாத் திசைகளிலும் எடுக்கப்பட்ட ஒளிப்படக் காட்சியாகும். இதில் பயனர் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் இடம் பெயர இயலாது. இரண்டாம் வகை கணினியால் வரையப்பட்ட முப்பரிமாண உலகமாகும். இதில் பயனர் நடக்கவும், பொருள்களைக் கையாளவும், விண்வெளி நிலையத்தினுள் மிதந்து செல்வதுபோல் நகரவும் இயலும்.

பொதுமக்களுக்கான ஆக்கங்கள்

2015இல் ஸ்பேஸ்விஆர் என்னும் அமெரிக்க நிறுவனம், விண்வெளிக் காட்சிகளை அனைவருக்கும் வழங்கும் நோக்குடன் இணையவழியே பொதுமக்களிடம் நிதி திரட்டியது. 2016இல் வெளியான கூகுள் எர்த் விஆர், பூமியை விண்ணிலிருந்து கண்டு, விரும்பிய ஊருக்கு இறங்க வழிசெய்தது. 2017இல் வெளியான மிசன் ஐஎசுஎசு என்னும் மென்பொருள், அனைத்துலக விண்வெளி நிலையத்தின் உட்புறத்தைக் கணினி வரைகலையில் அமைத்துத் தந்தது.

கனடாவின் பெலிக்சு அண்டு பால் நிறுவனம், நிலையத்தினுள் சிறப்புப் படக்கருவியை வைத்து வீரர்களைக் கொண்டே படம்பிடித்தது. 2019 முதல் எடுக்கப்பட்ட காட்சிகள் இருநூறு மணி நேரத்துக்கும் மேற்பட்டவை. 2021இல் நிலையத்தின் இயந்திரக் கையில் பொருத்திய படக்கருவி, விண்நடையை வெளிப்புறத்திலிருந்தே பதிவு செய்தது. அதே ஆண்டில் மொன்றியல் நகரில் இதனை அடிப்படையாகக் கொண்ட கண்காட்சி தொடங்கியது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2022 ஆகத்தில் ஸ்பார்க் என்னும் மெய்நிகர் அருங்காட்சியகத்தை இணையத்தில் வெளியிட்டது. இந்திய ஏவூர்திகள், செயற்கைக்கோள்கள் பற்றிய ஆவணங்களும் படங்களும் இதில் இடம்பெற்றன. இது கணினித் திரையில் காண்பதற்காக அமைக்கப்பட்டதாகும்.

கல்விப் பயன்

பாடநூற் படங்களால் உணர்த்த இயலாத அளவுகளை மெய்நிகர் உலகில் உணர்த்தலாம். சூரியக் குடும்பத்தின் படங்களில் கோள்கள் பெரும்பாலும் அருகருகே வரையப்படுகின்றன. பூமியை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மணியாகக் கொண்டால், நிலவு அதிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவிலும், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள சூரியன் 117 மீட்டர் தொலைவிலும் இருக்கும். நெப்டியூன் மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இந்த வெறுமையை வகுப்பறையில் வரைந்து காட்ட இயலாது. மெய்நிகர் உலகில் கடந்து பார்க்கலாம். நடக்க இயலாதோரும் நெடும்பயணம் மேற்கொள்ள இயலாதோரும் இருந்த இடத்திலிருந்தே இதனைக் காணலாம் என்பது மற்றொரு பயனாகும்.

குறைபாடுகள்

மெய்நிகர் உண்மை பார்வையையும் ஒலியையும் மாற்றுகிறது. உடலின் எடையை மாற்றுவதில்லை. எடையின்மையை உணர வளைவுப்பாதை வானூர்திப் பயணமே துணைபுரிகிறது. அதிலும் ஒவ்வொரு வளைவிலும் இருபது, இருபத்தைந்து நொடிகளே கிடைக்கும். கண் அசைவைக் காண, உட்செவி அசையாமையை உணர்வதால் பயனர் சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. விண்வெளி வீரர்கள் பலருக்கும் முதல் சில நாள்களில் இவ்வாறே புலன் முரண்பாட்டால் குமட்டல் ஏற்படுகிறது.

காட்சியின் உண்மைத்தன்மையும் கருதத்தக்கது. வானியற் படங்கள் பலவற்றில், கண்ணுக்குப் புலப்படாத அலைநீளங்களுக்கும் நிறம் கொடுக்கப்பட்டிருக்கும். அதனைத் தெரிவிக்காமல் சூழ்காட்சியாகக் காட்டினால், நேரில் சென்றாலும் அவ்வாறே தெரியும் என்று பயனர் எண்ணக்கூடும்.

அனைவருக்கும் என்னும் நோக்கத்துக்குப் பெருந்தடையாக இருப்பவை விலையும் மொழியும் ஆகும். தனித்தியங்கும் கருவிகள் இந்தியாவில் பத்தாயிரக்கணக்கான ரூபாய் விலையுடையவை. கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கருவி, தடித்த அட்டையும் இரு வில்லைகளும் கொண்டு திறன்பேசியையே காட்சிக்கருவியாக்கியது. 2021இல் கூகுள் அதன் விற்பனையை நிறுத்தியபோதும், 2019இலேயே நிரல் வெளிப்படையாக்கப்பட்டிருந்ததால் பிறர் அதனைத் தொடர இயன்றது. எனினும் சுழல்வுணரி இல்லாத மலிவு விலைத் திறன்பேசிகளில் இது சரிவர இயங்காது.

ஒரே கருவியுள்ள பள்ளியில் நாற்பது மாணவர் தலைக்குப் பத்து நிமிடம் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். அதாவது, ஒரு முழுப் பள்ளி நாளும் போதாது. கோளரங்கமோ அவர்கள் அனைவருக்கும் ஒரே வேளையில், ஒரே விளக்கத்துடன் வானத்தைக் காட்டிவிடும். சென்னைக் கோளரங்கத்தில் தமிழிலும் காட்சிகள் நடத்தப்படுகின்றன. மேலே குறிப்பிட்ட வெளிநாட்டு ஆக்கங்களோ ஆங்கிலம் அறிந்தோரையே முதன்மையாகக் கருதி உருவாக்கப்பட்டவை. எனவே இத்தொழில்நுட்பத்தைக் கோளரங்கத்துக்கு மாற்றாக அன்றி, அறிவியல் மையங்களிலும் பள்ளிகளிலும் அதனுடன் இணைத்து, தமிழ் விளக்கத்துடன் பயன்படுத்துவதே பெரும்பாலானோரைச் சென்றடையும் வழியாக அமையும்.

இவற்றையும் பார்க்கவும்

மெய்நிகர் உண்மை
கோளரங்கம்
அனைத்துலக விண்வெளி நிலையம்
வெள்ளி இடைநகர்வு