எல்லைப்புறத்து மாணவரும் மருத்துவக் கல்லூரியும்

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வாழ்ந்துவரும் என் தமக்கையார் அண்மையில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். "தம்பி, உன் மருமகள் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிடும் என்கிறார்கள். கோழிக்கோடா, திருவனந்தபுரமா, பாலக்காடா, எதை முதலில் எழுதிக் கொடுப்பது? கோயம்புத்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே; அங்கே ஏன் சேர முடியாது? நீ டில்லியில் காகிதமெல்லாம் பார்க்கிறவன். விசாரித்து எழுது" என்பது அக்கடிதத்தின் சாரம்.

நான் கலைப் பட்டதாரி. மைய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். மருத்துவம் யான் அறியாத துறை. எனினும், தமக்கையார் கேட்ட கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த எல்லைப்புறக் குடும்பங்கள் கேட்டுவரும் கேள்வி அது. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் பலரும் தத்தம் பிள்ளைகளின் பொருட்டு இதே கேள்வியை எதிர்கொள்கின்றனர். ஆதலின், அவருக்கு எழுத எண்ணிய விடையை நேயர்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மருத்துவம் பயில விரும்புவோர் சென்னைக்கே சென்றாக வேண்டும். 1664ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் தோன்றிய மருத்துவமனையே பின்னர்ச் சென்னைப் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. அதனுடன் இணைந்து 1835இல் ஒரு மருத்துவப் பள்ளி தோன்றி, 1850இல் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. மலபார்க் கரையையும் சென்னையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1862இல் முற்றுப்பெற்றபின், கணவாய் வழியே சென்னை செல்வது எளிதாயிற்று.

அவ்வழியே சென்றவர்களுள் ஒருவர், நீதிக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராக நாம் அறிந்துள்ள டாக்டர் டி. எம். நாயர். பாலக்காட்டில் பள்ளிக் கல்வி பெற்ற அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தை நாடினார். 1894இல் மருத்துவப் பட்டமும் 1896இல் எம்.டி. பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பி, காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் புகழ் ஈட்டினார். சென்னையா, சீமையா என்பதே அந்நாளில் வசதி படைத்தோர் முன்நின்ற தேர்வு.

பெண்களுக்கோ அத்தேர்வும் எளிதாக வாய்க்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது உண்மையே. ஆயினும், திருவிதாங்கூரைச் சேர்ந்த மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் அறிவியல் பயில இடம் மறுக்கப்பட்டவர். கலைப் பாடம் பயின்று 1909இல் பி.ஏ. பட்டம் பெற்று, பின் இலண்டன் சென்று 1915இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938இல் அச்சமஸ்தானத்தின் மருத்துவத் துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அவர் காலத்திலேயே, புதுக்கோட்டையிலிருந்து சென்று 1907இல் சென்னைக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி அம்மையார் 1912இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவுடன், சென்னை அரசினர் மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணி ஏற்றார். அடையாற்றில் 1954இல் புற்றுநோய் நிலையம் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக உலகம் அவரைப் பின்னாளில் அறிந்தது. பட்டத்திற்குப்பின் மருத்துவமனையிலேயே இருந்து பழகும் அந்தப் பயிற்சிக் காலமே இவ்வுரையின் மையம்.

அக்காலத்தில் இரு தரத்து மருத்துவர் இருந்தனர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். கல்லூரியில் நெடுங்காலம் பயின்று பல்கலைக்கழகப் பட்டம் பெறுவோர் ஒரு சாரார். மருத்துவப் பள்ளியில் குறுகிய காலம் பயின்று எல்.எம்.பி. உரிமம் பெறுவோர் மற்றொரு சாரார். பணமும் காலமும் குறைந்த குடும்பங்கள் பள்ளியையே தேர்ந்தன. 1877இல் இராயபுரத்தில் தோன்றிய பள்ளியே 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளி 1942இல் பட்டக் கல்லூரியாயிற்று. 1947இல் ஆடவரையும் சேர்த்துக்கொண்டது.

சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. அந்நாளில் இந்தியாவில் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 47,500 மருத்துவருள் 30,000 பேர் அளவில் உரிமம் மட்டும் பெற்றவர்கள். சராசரியாக 6,300 பேருக்கு ஒரு மருத்துவரே இருந்தார். இனி நாட்டில் ஒரே தரத்து அடிப்படை மருத்துவர் போதும் என்றும், நோய்த் தடுப்பிலும் சமுதாய மருத்துவத்திலும் அவருக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பள்ளிகள் படிப்படியாக மறைந்தன. அதன்பின், எந்தத் தரம் என்ற கேள்வி நீங்கி, எந்தக் கல்லூரி என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

ஒரு கல்லூரியின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது? இதற்கும் வரலாறு விடை கூறுகிறது. 1930இல் பிரிட்டன் நாட்டுப் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த ஒப்புதலை நிறுத்தியது. மாணவர்கள் மகப்பேற்று மருத்துவத்தில் பெறும் செயல்முறைப் பயிற்சி போதாது என்பது அம்மன்றம் நெடுநாள் எழுப்பிவந்த குறை. அதில் அரசியலும் கலந்திருந்தது என்று நம் தலைவர்கள் கொதித்தனர். அதன் விளைவாகவே 1933ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்வழி இந்திய மருத்துவ மன்றமும் தோன்றின. எனினும், அக்குறைகூறலின் உட்கருத்தை நாம் புறக்கணித்தல் ஆகாது. எத்தனை பிரசவங்களை மாணவர் தம் கையால் கண்டார் என்பதே அங்கு அளவுகோலாயிற்று. எத்தனை நூல்களைப் படித்தார் என்று எவரும் கேட்கவில்லை.

என் தொழிலில் அடிக்கடி இடறும் ஒரு சொல்லை இவ்விடத்தில் நினைவுகூர்கிறேன். 'ரெசிடென்ட்' என்பதைத் தமிழில் 'உறைவிட மருத்துவர்' என்று எழுதுகிறோம். முதன்முறை எழுதியபோது, மருத்துவர் எங்கே உறைந்தால் நமக்கென்ன என்று எண்ணினேன். அமெரிக்க நாட்டில் 1889இல் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஆஸ்லர், ஹால்ஸ்டெட் என்னும் பேராசிரியர்கள் வகுத்த முறையைப் படித்தபின்பே அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. பட்டம் பெற்ற இளைஞர் மருத்துவமனைக்குள்ளேயே வாழ்ந்து, நோயாளியைச் சேர்க்கும் நாள்முதல் அனுப்பும் நாள்வரை உடனிருந்து, ஆண்டுதோறும் கூடுதல் பொறுப்பேற்றுத் தேர்ச்சி பெறுவது அம்முறை. நோயாளியின் அருகில் உறைவதே அக்கல்வியின் உயிர்.

இனி எல்லைக்கு வருவோம். இன்று பாலக்காடு, இடுக்கி எனப்படும் இரு மாவட்டங்களின் தமிழகத்தை ஒட்டிய பகுதிகள் முன்னர் மூன்று ஆட்சிகளின்கீழ் இருந்தன. பாலக்காடு மலபாரிலும், சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் அடங்கியிருந்தன. கண்ணன் தேவன் மலைகள் 1877இல் தோட்டப் பயிருக்கென வெள்ளையர் கைக்குச் சென்றபின், பாண்டி நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் யாவும் கேரளத்தில் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றைத் தமிழகத்துடன் சேர்க்கக் கோரி நிகழ்ந்த போராட்டங்களை மூத்தோர் அறிவர்.

மருத்துவக் கல்லூரிகளும் அந்த எல்லையின் இருபுறமும் தனித்தனியே எழுந்தன. கேரளத்தில் திருவனந்தபுரம் 1951இலும், கோழிக்கோடு 1957இலும், கோட்டயம் 1962இலும், ஆலப்புழை 1963இலும் கல்லூரி பெற்றன. தமிழகப் பக்கம் மதுரை 1954இலும், கோயம்புத்தூர் 1966இலும், தேனி 2004இலும் பெற்றன. வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர்; போடிமெட்டோ குமுளியோ இறங்கினால் தேனி. நோயுற்றவர் அண்மையிலுள்ள மருத்துவமனைக்கு எல்லை தாண்டிச் செல்கிறார், எவரும் தடுப்பதில்லை. அதே வீட்டு மாணவி அதே மருத்துவமனையில் பயில விரும்பினாலோ, இருப்பிடச் சான்றும் பயின்ற பள்ளியும் கேட்கப்படுகின்றன. கோயம்புத்தூரில் ஏன் சேர முடியாது என்ற தமக்கையாரின் வினாவில் அடங்கிய துயரம் இதுவே.

இத்துயரம் உச்ச நீதிமன்றத்தின் செவிக்கும் எட்டியது. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில், இருப்பிடத்தைக் காட்டி மருத்துவ இடங்கள் அனைத்தையும் ஒதுக்குதல் தகாது என்று அம்மன்றம் கூறிற்று. அதன் விளைவாக, 1986 முதல் அரசுக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் நூற்றுக்கு 15 அனைத்திந்திய ஒதுக்கீடாயின. எந்த மாநிலத்தவரும் தகுதி வரிசையில் அவற்றைப் பெறலாம். முதுநிலைப் படிப்பில் அப்பங்கு பின்னர் 50 விழுக்காடாக உயர்ந்தது. 2025 சனவரியிலோ, முதுநிலை மருத்துவ இடங்களில் இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு அரசியலமைப்புக்கு முரணானது என்றே அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, இளநிலையில் மூடியிருக்கும் கதவு, உறைவிட மருத்துவப் பயிற்சிக் காலத்தில் பெரிதும் திறந்திருக்கிறது. இன்று கோயம்புத்தூர் கிட்டவில்லையே என்று வருந்தும் மாணவி, ஆறாண்டுகள் கழித்துத் தகுதியால் அங்கே நுழைதல் கூடும்.

புதிய கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். 2014ஆம் ஆண்டில் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. பாலக்காட்டுக் கல்லூரி பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின்கீழ் அமைந்தது என்பது அதன் தனிச் சிறப்பு. இடுக்கிக் கல்லூரியோ வசதிக் குறைவினால் 2016இல் ஒப்புதல் இழந்தது. மாணவர்கள் வேறு அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டனர். 2022இல் 100 இடங்களுடன் அது மீண்டும் உயிர்பெற்றது. மலைநாட்டு மக்களுக்கு இது பெரும் பேறு. எனினும், வீட்டுக்கு அண்மையில் உள்ளதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது என்பதற்கும் அந்நிகழ்ச்சி சான்றாகும். ஒப்புதல் நிலைத்துள்ளதா, ஆசிரியர் போதிய அளவில் உள்ளனரா, படுக்கைகளில் நோயாளிகள் உள்ளனரா என்ற மூன்றையும் நேரில் கேட்டறிதல் வேண்டும்.

மொழியைப் பற்றிய கவலையும் பெற்றோர் உள்ளத்தில் உண்டு. தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளை ஆங்கிலப் பாடத்திற்கும் மலையாள வார்டுக்கும் இடையே திகைக்காதா? யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இதே கேள்வியை எதிர்கொண்டு, மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே பயிற்றுவித்தார். மக்களிடையே இருந்து தொழில் செய்வோர் மக்கள் மொழியில் சிந்திக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேரளத்திலும் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதும் உரிமையை ஏற்றுள்ளது. ஆனால் நோயாளி எழுதுவதில்லை, முனகுகிறார். மூணாற்றுத் தோட்டத்துப் பாட்டி "நெஞ்சைக் கரிக்கிறது" என்பதற்கும் "நெஞ்சை அடைக்கிறது" என்பதற்கும் உள்ள வேற்றுமையைக் கோட்டயத்து வார்டில் உடனே அறிபவர் எல்லைப்புறத்து மாணவரே. முன்னது புளியேப்பமாக இருக்கலாம். பின்னது இதய நோயாக இருக்கலாம். நாம் குறை என்று கருதிய இருமொழி வாழ்வு அங்கே ஓர் உயிரைக் காக்கும் கருவியாகிறது.

முடிவாக, உறைவிட மருத்துவராவதற்குரிய ஆயத்தம் எப்பொழுது தொடங்குகிறது? முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு நூல் வாங்கும் நாளில் தொடங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இளநிலைப் படிப்பின் இறுதியில் வரும் 12 மாதச் சுழற்சிப் பயிற்சியை, ஹவுஸ் சர்ஜன் காலத்தை, அத்தேர்வுக்குப் படிக்கும் விடுமுறையாகக் கழிப்போரும் உளர். அது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும். வினாத்தாளில் வரும் நோயை வார்டில் ஒருமுறை கண்டவர் பிறகு மறப்பதில்லை. மைய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம் வாரத்திற்கு 48 மணி நேரப் பணியையே வரையறுத்திருந்தும், நடைமுறையில் அதனினும் மிகுதியாக உழைக்க நேர்வதை மருத்துவர்கள் கூறக் கேட்கிறோம். உடலும் உள்ளமும் அதற்குப் பழகியிருத்தல் வேண்டும். 2021 முதல் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிதல் கட்டாயமாகியுள்ளது. போர் குழு கண்ட கனவின் நிழல் அதில் தெரிகிறது.

தமக்கையாருக்கு நான் எழுதிய விடை இதுதான்: "அக்கா, அனைத்திந்திய ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரை எழுதலாம், கிட்டினால் மகிழ்வோம். கேரளத்து வரிசையில், நோயாளிகள் மிகுதியாக வரும் பழைய பெரிய கல்லூரியை முதலில் எழுதுங்கள். பாலக்காடு அடுத்து வரட்டும், அதுவும் நம்முடையதே. மலையாளம் எழுதப் படிக்க இப்பொழுதே பழகட்டும், தமிழை விடவேண்டாம். எங்குச் சேர்ந்தாலும், நோயாளியின் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவளாக இருக்கச் சொல்லுங்கள்."

மாநில எல்லையை மனிதர் வரைந்தனர். நோய்க்கு அக்கோடு தெரியாது. நல்ல மருத்துவர்க்கும் அது தெரிய வேண்டுவதில்லை.