குமாரமங்கலம் குடும்பமும் இடது வலது விவாதமும்

குமாரமங்கலம் குடும்பம்: திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த அரசியல் குடும்பம். அந்த ஊர் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை காங்கிரஸ் அமைச்சர், மகனும் மகளும் கம்யூனிஸ்ட்டுகள், பேரன் காங்கிரசிலிருந்து பாரதிய ஜனதாவுக்குப் போனவர். இடதுசாரி, வலதுசாரி வாதங்கள் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுக்குள் நடந்தன என்பதே இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு.

இடது, வலது என்ற பெயர்கள் 1789இல் பிரெஞ்சு மன்றத்தில் உறுப்பினர்கள் உட்கார்ந்த வரிசையிலிருந்து வந்தவை. நம் பழைய கல்வெட்டுகளில் வரும் இடங்கை, வலங்கை சாதிப் பிரிவுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

குடும்பத் தலைவர் ப. சுப்பராயன் (1889–1962) ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1926 முதல் 1930 வரை, கட்சி சாராதவராக, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் கவனித்தார். மங்களூரைச் சேர்ந்த மனைவி ராதாபாய், 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் பங்கேற்ற இருவரில் ஒருவர். மூத்த மகன் பி. பி. குமாரமங்கலம் அரசியல் பக்கமே போகாமல் படையில் சேர்ந்து, 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தார்.

இளைய மகன் மோகன் (1916–1973) ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராகவும் இருந்தவர். அத்தனை வசதியோடு ஊர் திரும்பியவர் போய்ச் சேர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சியில். 1940களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட்டுகள் மீதான சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலானோருடன் தண்டிக்கப்பட்டார். தங்கை பார்வதியும் அதே கட்சிக்குப் போய், கட்சித் தோழர் என். கே. கிருஷ்ணனை மணந்தார்.

இந்தக் கதையை இனிமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. 1947–48இல் சுப்பராயன் சென்னை மாகாண உள்துறை அமைச்சர். பிள்ளைகளோ அரசு தேடிப் பிடித்துக்கொண்டிருந்த கட்சியில். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தனர். அப்போது சுப்பராயன் இந்தோனேசியாவில் இந்தியத் தூதர், பொறுப்பு அவருடையதல்ல. ஆனால் வீட்டுக்குள் பேசித் தீர்க்க முடிந்தது சிறைச் சுவருக்குள் முடியாமல் போனது. கொள்கைச் சண்டையில் ஒரு பக்கம் துப்பாக்கி வந்துவிட்டால் அதை விவாதம் என்று சொல்லக் கூடாது. இம்மண்ணில் இடது வலதைப் பற்றிப் பேசுகிறவர் அந்த 22 பேரை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

1954 முதல் 1957 வரை தந்தையும் மகளும் மாநிலங்களவையில் ஒன்றாக இருந்தனர். 1957 தேர்தலில் திருச்செங்கோட்டிலிருந்து அப்பாவும் கோயம்புத்தூரிலிருந்து மகளும் மக்களவைக்கு வந்தனர். 1959இல் சுப்பராயன் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சரானார். மக்களவையில் சபாநாயகரின் வலக்கைப் பக்கம் ஆளுங்கட்சி, இடக்கைப் பக்கம் எதிர்க்கட்சி. அமைச்சரான அப்பா வலப்பக்கம், தொழிற்சங்கவாதியான மகள் எதிர்வரிசையில். இருவரும் சொன்னதெல்லாம் அவைக் குறிப்பில் ஏறியது. மறைத்துப் பேச எதுவும் இல்லை.

மொழிப் பிரச்சினையில் இவர்களின் போக்கு கூர்ந்து பார்க்க வேண்டியது. 1938இல் இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய அமைச்சரவையில் கல்வி சுப்பராயனிடம்தான் இருந்தது. அவரே 1956இல் ஆட்சிமொழி ஆணையத்தின் உறுப்பினராக, இந்தியை அவசரப்பட்டுத் திணிப்பதற்கு எதிராகத் தனியே மறுப்புக் குறிப்பு எழுதினார். ஆணையத்தின் மற்றொரு உறுப்பினரான சுநீதி குமார் சட்டர்ஜியும் அப்படியே எழுதினார். மகன் மோகன் 1965இல் இந்தியாவின் மொழி நெருக்கடியைப் பற்றி ஒரு நூலே எழுதி, தாய்மொழிகளின் பக்கம் வாதாடினார். வேறு வேறு பாதையில் வந்த அப்பனும் மகனும் இதில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றனர். முன்பு ஆதரித்ததை மறுபரிசீலனை செய்து கையெழுத்துப் போட்டு மறுக்கும் துணிவு அபூர்வம். சுப்பராயனின் பணிகளில் என் மதிப்பில் முதலிடம் அந்தக் குறிப்புக்குத்தான்.

மோகனும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முற்போக்காளர்கள் காங்கிரசுக்குள் சென்று அதை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்ற அவரது நிலைப்பாடு அவர் பெயராலேயே பேசப்பட்டது. 1966–67இல் சென்னை அரசின் தலைமை வழக்கறிஞர். 1971இல் இந்திரா காந்தி அரசின் உருக்கு, சுரங்க அமைச்சர். நிலக்கரிச் சுரங்கங்கள் 1972இலும் 1973இலும் நாட்டுடைமையாயின. பொதுத்துறை உருக்காலைகளை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவரும் அவரது திட்டப்படி 1973 ஜனவரியில் இந்திய உருக்கு ஆணையம் உருவானது. அதே ஆண்டு மே 31 அன்று டெல்லி விமான விபத்தில் இறந்தார்.

மோகனின் மகன் ரங்கராஜன் சேலத்திலிருந்து 1984, 1989, 1991 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குச் சென்றார். பின்னர் பாரதிய ஜனதாவில் சேர்ந்து திருச்சியில் வென்று, வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சரானார். தந்தை நிலக்கரியை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். மகன் காலத்தில், 1998இல், மின்கட்டணத்தை அரசிடமிருந்து விலக்கி ஒழுங்குமுறை ஆணையங்களிடம் ஒப்படைக்கும் சட்டம் வந்தது. ரங்கராஜன் 2000இல் காலமானார். சகோதரி லலிதா பாரதிய ஜனதாவில் இருந்து, 2014இல் தேசிய மகளிர் ஆணையத் தலைவரானார்.

அமெரிக்காவில் ஒரே வீட்டில் ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் இருப்பதைப் பெரிதாகப் பேசுவார்கள். 1992 அதிபர் தேர்தலில் கிளிண்டனுக்காக வேலை செய்த ஜேம்ஸ் கார்வில்லும் புஷ்ஷுக்காக வேலை செய்த மேரி மாட்டலினும் மறு ஆண்டே திருமணம் செய்துகொண்டது அங்கே அதிசயமாகப் பேசப்பட்டது. திருச்செங்கோட்டுப் பக்கத்து வீடொன்றில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது நடந்துவிட்டது.

அரசு நடத்துவதா, தனியாரிடம் விடுவதா என்ற வாதம் இன்றும் சேலத்தில் ஓயவில்லை. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையை விற்க மத்திய அரசு 2019இல் விருப்ப மனு கேட்டது, தொழிலாளர்கள் எதிர்த்தனர். 2023 ஜனவரியில் விற்பனை கைவிடப்பட்டது. ஆலை இந்திய உருக்கு ஆணையத்திடமே இருக்கிறது.