பூட்டிய கொட்டகையும் ஒற்றைப் பியானோவும்

1937 ஜூன் 16. நியூயார்க் 39ஆம் தெருவில் மேக்ஸின் எலியட் நாடகக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. உள்ளே காவலர்கள். காட்சி ஜோடனை, உடுப்பு எல்லாமே அரசுச் சொத்து, ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. தொழிற்சங்கத் தலைவனாக நடிக்க இருந்த ஹோவர்டு டா சில்வாவின் டோப்பாகூட அவர் கைக்கு வரவில்லை.

அன்று அரங்கேற இருந்தது மார்க் பிளிட்ஸ்டைனின் 'தி கிரேடில் வில் ராக்' என்ற இசை நாடகம். ஸ்டீல்டவுன் என்றொரு கற்பனை ஊர்; உருக்கு முதலாளி மிஸ்டர் மிஸ்டர். பத்திரிகை ஆசிரியர், டாக்டர், ஓவியர் எல்லோரும் அவருக்கு விலைபோனவர்கள். உச்சம், பாதிரியார் வரும் காட்சிதான். முதல் உலகப் போர்க் காலத்தில் முதலாளியின் மனைவி வருஷா வருஷம் நன்கொடையோடு கோயிலுக்கு வருகிறாள். அவள் சொல்படி பிரசங்கம் சமாதானத்தில் தொடங்கிப் போரில் போய் முடிகிறது. அந்நாளில் ரேடியோவில் உருகி வழிந்த காதல் பாட்டுகளை முதலாளியின் பிள்ளைகள் வாயில் போட்டு நையாண்டி செய்திருக்கிறார் பிளிட்ஸ்டைன்.

அந்த ஆண்டு மே 30ஆம் தேதிதான் சிகாகோவில், ரிபப்ளிக் ஸ்டீல் ஆலைக்கருகே, வேலைநிறுத்தக்காரர்கள் மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்திருந்தார்கள். நாடகத்துக்குப் பணம் போட்டதோ அரசின் ஃபெடரல் தியேட்டர் திட்டம். நிதிக் குறைப்பு, ஜூலை 1க்கு முன் புது நாடகம் கூடாது என்றது வாஷிங்டன். நிதி மட்டுமே காரணம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இயக்குநர் ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 22. அவரும் தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மேனும் 59ஆம் தெருவில் வெனிஸ் தியேட்டரைக் கடைசி நேரத்தில் பிடித்தார்கள். கூட்டம் நடந்தே அங்கு போனது. நடிகர்கள் மேடையேறக் கூடாது என்று அவர்களுடைய சங்கமே தடுத்திருந்தது. மேடையில் பிளிட்ஸ்டைன், ஒரு பியானோ, அவ்வளவுதான். எல்லாப் பாத்திரங்களையும் தானே பாடிவிடுவது என்று தொடங்கினார். சில வரிகளிலேயே பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு பெண் குரல் சேர்ந்துகொண்டது. நாடகத்தில் நடிக்க இருந்த ஆலிவ் ஸ்டான்டன் எழுந்து நின்று பாடினார். அரசு நிவாரணச் சம்பளத்தில் வாழ்ந்தவர். அது பறிபோகலாம் என்று தெரிந்தே எழுந்தார். அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்தடுத்து மற்றவர்களும் இருந்த இடத்திலேயே எழுந்து பாட, சங்கத்தின் தடையும் மீறப்படவில்லை, நாடகமும் நிற்கவில்லை.

1939இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஃபெடரல் தியேட்டர் திட்டத்தையே இழுத்து மூடியது. அதே ஆண்டு ஹார்வர்டு மாணவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இந்த நாடகத்தை, பியானோவில் தானே உட்கார்ந்து, மறுபடி மேடையேற்றினார்.

(தொடரும்)