பெயரும் மதிலும்

ஒருவன் தன்னை யாரென்று உணர்வது எதனால்? பிறந்த குடியாலா, வகிக்கும் பதவியாலா, நெஞ்சம் பற்றி நிற்கும் கொள்கையாலா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், 1712ஆம் ஆண்டு, உயர்குடியெனப் போற்றப்பட்ட நாயர் குடும்பத்தில் நீலகண்டன் பிறந்தார். மார்த்தாண்ட வர்ம மன்னரின் திருவிதாங்கூரில் அரசுப் பணியேற்றுச் செல்வாக்குடன் வாழ்ந்தார். குலமும் பதவியும் ஒருங்கே வாய்த்த அவருக்கு, 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவராக உயர்ந்த டச்சு வீரர் டிலனாய் நண்பரானார். துன்பங்கள் தொடர்ந்து வந்த வேளையில் டிலனாய் எடுத்துரைத்த யோபுவின் வரலாறு நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது என்பது வழிவழி வரும் செய்தி.

1745இல், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், அவர் திருமுழுக்குப் பெற்றார். 'லாசர்' என்னும் விவிலியப் பெயரின் பொருளையே நம் நாட்டு வழக்கில் தரும் 'தேவசகாயம்' அவர் பெயராயிற்று. பின்னர்ச் சாதி வேறுபாடு பாராது எளியோருடன் கலந்து பழகினார். மேற்குடியினர் இதனைப் பொறுப்பரோ? 1749இல் அவர் சிறைப்பட்டார். கொடுமைகள் பல தாங்கியபின், 1752 சனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றது.

அவர் கொலையுண்டது சமயத்தின் பொருட்டன்று, அரசுக்கு எதிரான குற்றத்தின் பொருட்டே என்று வாதிட்ட வரலாற்றாசிரியரும் உளர். எனினும், அவர் மறைந்த நான்காம் ஆண்டிலேயே, 1756இல், கொச்சி ஆயர் ரோமாபுரிக்கு விடுத்த அறிக்கையில் அவர் மரணம் விசுவாசத்திற்காக நேர்ந்ததாகவே குறிக்கப்பட்டது.

அவர் துறந்த குலப்பெருமையைப் பின்வந்த கிறிஸ்தவர் துறந்தனரா? வரலாறு தரும் விடை கசப்பானது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துள் சாதிக்கொரு பகுதி வகுத்து இடையே மதில் எழுப்பினர். ஒரே பலிபீடத்தை நோக்கியவர்கள் ஒருவரையொருவர் காணாது தொழுதனர். 1910இல் அம்மதில் இடிக்கப்பட்டது. மேற்சாதியார் தம் உரிமை பறிபோயிற்றென வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. பெயரளவில் மதம் மாறி, உலக வழக்கை உள்ளத்தில் வைத்துக் காத்தலின் விளைவு இது.

2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதலாவதாக அப்பேறு பெற்றவர் அவரே. நெடுங்காலம் அவர் பெயரோடு ஒட்டி வந்த 'பிள்ளை' என்னும் குலப்பட்டம் அப்போது விலக்கப்பட்டது. அவர் உயிர் கொடுத்துக் களைந்ததை அவர் பெயரினின்றும் களைய இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆயின!

இவ்வரலாறு மலைநாட்டுத் தமிழர்க்கும் உரியதே. கங்காணிமார் ஊரும் உறவும் சாதியும் பார்த்து ஆள்சேர்த்தமையால், ரப்பர்க் காட்டு லயங்களுக்கும் சாதி கப்பலேறி வந்தது. தெமியாங் போன்ற இடங்களில் கோயில் மணியும் தேவாலய மணியும் கேட்டு வளரும் நம் மாணவர், எச்சமயத்தவராயினும், ஓர் உண்மையை அறிதல் நன்று. கொள்கையை ஏற்றல் எளிது. அக்கொள்கைக்கு மாறாக ஊர் வழங்கும் பெருமையை வேண்டாமென மறுத்தல் அரிது. அவ்வரிய செயலாலேயே நீலகண்டன் தேவசகாயமானார்.