இரட்டை உடல் படகு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

1876 ஜூன் மாதம், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி நியூயார்க்கில் நடந்த பாய்மரப் போட்டியில் 'அமரில்லிஸ்' என்ற விசித்திரமான படகு இறங்கியது. ரோட் ஐலண்டு மாநிலத்து பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டியது. குறுகலான இரண்டு உடல்கள். ஒவ்வொன்றும் அலைக்கு ஏற்பத் தனித்தனியே அசையும்படி நடுவே மூட்டுகள். பேர்போன படகுகளை அது பின்தள்ளியது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், வென்ற படகு தகுதி இழந்தது. மறு ஆண்டு ஹெரஷாஃப் காப்புரிமை பெற்றார் என்றாலும் அவருக்குப் புகழ் தந்தவை ஒற்றை உடல் படகுகள்தான். 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் போட்டிப் பரிசைக் காத்து நின்றவை அத்தனையும் அவர் வரைந்தவை. பாய்மர விடுமுறைக்குப் படகு தேடுகிறவரிடம் இன்றும் சில பழைய மாலுமிகள், ஒற்றை உடல்தான் நிஜப் படகு, கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகு மிதக்கும் வீடு என்பார்கள். அந்தத் தீர்ப்பைக் கடல் மட்டும் எழுதவில்லை. போட்டி மன்றங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இரட்டை உடல் படகு ஒதுக்கப்பட்டது பொறாமையால் அல்ல, அது உடைந்துபோகும் என்ற நியாயமான பயத்தால் என்பார்கள். சான்றும் உண்டு. 1660களில் வில்லியம் பெட்டி டப்ளினில் இரட்டை உடல் படகுகளைக் கட்டி வேகத்தில் பலரை வியக்க வைத்தார். ஆனால் அவருடைய 'எக்ஸ்பெரிமெண்ட்' கப்பல் புயலில் ஆட்களோடு போனது. இரண்டு உடல்களும் வெவ்வேறு அலைமீது ஏறும்போது அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள் முறுக்கப்படுகின்றன. ஆணியடித்த கனத்த மரவேலைக்கு அந்த முறுக்கு எமன். ஆனால் பசிபிக் தீவினர் இதே சிக்கலைத் தேங்காய் நார்க் கயிற்றால் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: விறைப்பாக நிற்காமல் நெளிந்து கொடுக்கும் கட்டு. 1976இல் 'ஹோக்குலேயா' என்ற இரட்டை உடல் படகு நவீனக் கருவிகளின் வழிகாட்டல் இன்றி ஹவாயிலிருந்து தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது. (நம் கட்டுமரம் கேட்டமரானுக்குப் பெயரைத்தான் கொடுத்தது, சேர்த்துக் கட்டிய மரங்களால் ஆன அதற்கு இரண்டு உடல்கள் கிடையாது.) 1950களில் ஜேம்ஸ் வாரம் இங்கிலாந்தில் தானே கட்டிய சிறு கேட்டமரானில் அட்லாண்டிக்கைக் கடந்தார். ஒட்டுப்பலகையும் பின்னர் கண்ணாடியிழையும் அந்த வடிவத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தன. ஆக, பயம் பொய்யல்ல. ஆனால் அது பொருளையும் கட்டும் முறையையும் பற்றிய பயம், வடிவத்தைப் பற்றியது அல்ல.

கவிழ்வது பற்றிய வாதம் இன்னும் நேர்மையானது. ஒற்றை உடல் படகின் அடியில் ஈயமோ இரும்போ தொங்குகிறது. காற்று சாய்த்தால் அந்த எடை நிமிர்த்திவிடும். கேட்டமரானை நிறுத்துவது அதன் அகலம்தான். தலைகீழானால் தானாகத் திரும்பாது. ஆனால் அதே ஈயம், உடல் ஓட்டையான படகைக் கீழே இழுக்கும். கவிழ்ந்த கேட்டமரான் பெரும்பாலும் மிதந்தபடி ஆட்களுக்குப் பிடிமானமாகும். எந்த ஆபத்து வரக்கூடியது என்பதைப் போகும் கடலே சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்ன கடல்தான் கரீபியன். 1969இல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் டோர்டோலாவில் 'தி மூரிங்ஸ்' படகு வாடகைத் தொழிலைத் தொடங்கியது. ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் தீவுகள், சீரான வணிகக்காற்று, ஒதுக்கமான நீர்வழி. அங்கே வருகிறவர் கோப்பைக்காக வருவதில்லை. பகலில் சில மணி நேரம் ஓட்டி, மீதி நேரம் நங்கூரமிட்டுக் குளித்து, சமைத்து, தூங்குகிறார். 1980களில் ஃபவுண்டேன் பஜோ, லகூன் போன்ற பிரெஞ்சுப் பெயர்கள் பயணக் கேட்டமரான்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அளவுகோல் மாறியிருந்தது. 12 மீட்டர் படகில் ஒற்றை உடலின் அகலம் சுமார் 4 மீட்டர். கேட்டமரானுக்கு 6, 7 மீட்டர். நாலு அறைகள் இரு பக்கமாகப் பிரிந்துவிடுவதால் இரண்டு குடும்பங்கள் முகம் சுளிக்காமல் ஒரு வாரம் ஓட்டலாம். சாயாத தளத்தில் குழந்தை நடக்கும், தேநீர்க் கோப்பை நிற்கும். ஒற்றை உடல் படகு நீருக்குள் 2 மீட்டர் வரை இறங்க, இது ஒன்றேகால் மீட்டரோடு நின்றுவிடும். பவளத் திட்டுகள் சூழ்ந்த அனெகாடா போன்ற தாழ்ந்த தீவில் அந்த வித்தியாசம் பெரிது. போட்டியில் பொருட்படுத்தாத குணங்களெல்லாம் இங்கே விலைமதிப்பு பெற்றன.

இதனால் கேட்டமரானே எப்போதும் மேல் என்று சொன்னால் அது பழைய மன்றங்களின் பிடிவாதத்தைத் தலைகீழாக்கியதாகும். வாடகை கணிசமாகக் கூடுதல், அகலத்துக்காகப் படகுத்துறைகள் அதிகக் கட்டணம் கேட்கின்றன, காற்றுக்கு எதிரே நெருங்கி ஓடுவதில் விடுமுறைக் கேட்டமரான் பின்தங்கும், சுக்கானில் கடலின் அழுத்தம் கைக்குச் சரியாகத் தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்தின் சைக்ளடீஸ் தீவுகளில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். தெற்கே இறங்கியவர் அதை எதிர்த்துத்தான் வடக்கே திரும்ப வேண்டும், சிறு துறைமுகங்களில் நெருக்கியடித்துத்தான் கட்ட வேண்டும். ஓட்டும் இன்பத்துக்காகவே போகும் இருவருக்கு அங்கே நான் ஒற்றை உடலைத்தான் சொல்வேன்.