ஒரு பெயரும் பல செயல்களும்: வகை வகுப்புக்களின் தோற்றம் பற்றிய ஒரு குறிப்பு

கூட்டற் குறி ஒன்றே. எனினும் முழுவெண்களைக் கூட்டுகையில் கணினி செய்வதும் தசம எண்களைக் கூட்டுகையில் அது செய்வதும் ஒன்றல்ல. பெறுமானத்தின் வகைக்கேற்ப ஒரே பெயர் வெவ்வேறு செயல்களைக் குறிக்கும் இப்பிரச்சினை நுட்பவியலாளருக்கு மட்டுமே உரியதெனக் கருதப்படுவதுண்டு. ஆயின் சார்புவழி நிரல்மொழிகளில் அதற்குத் தீர்வு பிறந்த சூழலை நோக்கின், அறிவு உற்பத்தியின் சமூக இயல்பு பற்றியும் சில செய்திகள் புலனாகும்.

1967இல் கொப்பன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில் கிறிஸ்ரோபர் ஸ்ரேச்சி இருவகைப் பல்லுருமையை வேறுபடுத்தினார். பட்டியலொன்றின் நீளத்தைக் காணும் சார்பு, உறுப்புக்கள் எவ்வகையினவாயினும் ஒரே விதமாகவே இயங்கும். இது அளவுருப் பல்லுருமை. கூட்டற் குறியினது மற்றையது. அவ்வவ்விடத்துக்கெனத் தனித்தனியே வகுக்கப்படுவது. இரண்டாவதற்கு அவர் இட்ட பெயரிலேயே ஒழுங்கின்மை பற்றிய குறை தொனிக்கிறது. முதலாவதற்கு றொபின் மில்னர் 1978இல் திண்ணிய கோட்பாடொன்றை அளித்தார். இரண்டாவது கோட்பாட்டின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றது.

சமன்பாட்டுக் குறியே இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டியது. பட்டியலில் ஒரு பொருள் உண்டா எனத் தேடுவதற்கு இரு பொருள்கள் சமமா என அறியவேண்டும். எண்களுக்கு இது இயலும். இரு சார்புகள் எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே விடையைத் தருமா எனத் தீர்மானிக்கும் பொதுவழி கிடையாது. மிறாண்டா மொழி எதனையும் ஒப்பிட அனுமதித்து, சார்புகளை ஒப்பிட்டால் நிரல் இயங்கும்போது பிழை காட்டியது. ஸ்ராண்டட் எம்.எல். சமன் காணத்தக்க வகைகளுக்குத் தனிக் குறியிட்டது. இது சமனுக்கு மட்டும் செய்த ஒட்டுவேலையே என்பது என் கருத்து.

1987 செப்டெம்பரில் அமெரிக்காவின் போட்லண்ட் நகரிற் கூடிய ஆய்வாளர்கள், ஒன்றையொன்று ஒத்த பல மொழிகள் பெருகிக் கிடப்பதைக் கண்டு பொதுமொழி ஒன்றை ஆக்கத் தீர்மானித்தனர். மிறாண்டாவை அடித்தளமாகக் கொள்ளவே முதலில் விரும்பினர். அதுவோ டேவிட் ரேணரின் கம்பனி விற்பனை செய்த பண்டம். அவர் இணங்கவில்லை, தம் மொழி பல கிளைகளாகச் சிதறக்கூடாதென்பது அவர் கொண்ட நியாயம். அந்த நியாயம் பொய்யன்று. ஆயினும் ஒரு மொழியின் வளர்ச்சியை ஒருவர் தடுக்க முடிந்ததற்கு உடைமை உறவே காரணம். குழுவினர் புதிதாகத் தொடங்கினர். ஹஸ்கெல் பிறந்தது.

புதிதாகத் தொடங்கியமையால் பழைய பிரச்சினையையும் புதிதாக அணுகமுடிந்தது. பெயர் பல செயல்களைக் குறிப்பது சார்பின் வகையிலேயே வெளிப்படவேண்டும் என்ற எண்ணம் ஜோ ஃபாசெலுடையது. அவர் கருதியதைப் பிலிப் வாட்லர் பிழையாக விளங்கிக்கொண்டார். வகை வகுப்பு அப்பிழையிலேயே உருவாயிற்று! ஸ்ரீபன் புளொற்றுடன் இணைந்து வாட்லர் 1989இல் அதனை ஆய்வுக்கட்டுரையாக்கினார். 'சமன் காணத்தக்கவை' என்ற வகுப்பில் ஒரு வகையைச் சேர்ப்பவர் அதற்குரிய செயலையும் எழுதிவைப்பார். தொகுப்பி அச்செயல்களை ஓர் அகராதியாக்கிச் சார்புக்கு மறைமுகமாக வழங்கும். சார்புகளை அவ்வகுப்பிற் சேர்க்காதவிடத்து, அவற்றை ஒப்பிடும் நிரல் இயங்குமுன்னரே நிராகரிக்கப்படும். கூட்டலும் வரிசைப்படுத்தலும் இதே பொறிமுறைக்குள் அடங்கின. இதற்கு அண்மையான கருத்தொன்றை ஸ்ரெபான் கேஸ் என்பவரும் 1988இல் வெளியிட்டிருந்தார். எனவே இதனைத் தனியொரு மேதையின் கணநேரத் தரிசனமாக எழுதுவது வரலாறாகாது.

ஹஸ்கெலின் முதல் அறிக்கை 1990 ஏப்ரிலில் வெளிவந்தது. மிறாண்டாவின் மூலநிரல் திறந்த உரிமத்தின்கீழ் வெளியாக 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.